பதினைந்து வயதில் ஹவாய்க்கு: ஜோசப் எஃப். ஸ்மித்தின் மிஷனரிப் பணி (1854–1857)

ஜோசப் எஃப். ஸ்மித் (1838–1918) அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையின் ஆறாவது தலைவர். 1901 முதல் இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். தம் பதினைந்தாம் வயதில் அவர் ஹவாய்த் தீவுகளுக்கு மிஷனரியாக அனுப்பப்பட்டார். தாய் தந்தையரை இழந்து, பள்ளியிலிருந்தும் விலகியிருந்த அந்தச் சிறுவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அத்தீவுகளில் வாழ்ந்தார். தம் வாழ்வின் நோக்கத்தையும் சமய நம்பிக்கையையும் அங்கேதான் உறுதியாகப் பெற்றதாகப் பிற்காலத்தில் கூறினார். அந்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மார்மன் சபை: ஒரு சிறு அறிமுகம்

மார்மன் சபை என்று பொதுவாக அழைக்கப்படும் அமைப்பின் முறையான பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதாகும். இது 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பட்டது. விவிலியத்துடன் 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் இச்சபையினர் வேதமாகக் கொள்கின்றனர். மார்மன் என்ற பெயர் அந்நூலிலிருந்தே வந்தது.

தொடக்கம் முதலே இச்சபையினருக்கும் அண்டை அயலாருக்கும் இடையே கடும் மோதல்கள் நிகழ்ந்தன. மிசௌரி, இலினாய் ஆகிய மாநிலங்களிலிருந்து அவர்கள் வெளியேற நேர்ந்தது. 1844 ஜூன் 27 அன்று இலினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித்தும், அவருடைய அண்ணன் ஹைரம் ஸ்மித்தும் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் சபையினரில் பெரும்பாலோர் பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கிச் சென்று, 1847இல் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர்.

கொல்லப்பட்ட ஹைரம் ஸ்மித்தின் மகனே இக்கட்டுரையின் நாயகர். சபை நிறுவனரான சித்தப்பாவின் பெயரும் ஜோசப் ஸ்மித் என்பதால், வேறுபாடு தெரிய இவரை ஜோசப் எஃப். ஸ்மித் என்பர். 'எஃப்' என்பது தாயின் குடும்பப் பெயரான ஃபீல்டிங் என்பதைக் குறிக்கும்.

தாய் தந்தையற்ற சிறுவர்

ஜோசப் 1838 நவம்பர் 13 அன்று மிசௌரி மாநிலத்தின் ஃபார் வெஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். அப்போது தந்தை காவலில் இருந்தார். தந்தை கொல்லப்பட்டபோது ஜோசப்புக்கு ஐந்து வயது.

1848இல் தாய் மேரி ஃபீல்டிங் குழந்தைகளுடன் மாட்டு வண்டிகளில் சமவெளியைக் கடந்து சால்ட் லேக் வந்து சேர்ந்தார். அந்த நெடும் பயணத்தில் ஒன்பது வயது ஜோசப்பும் மாடு பூட்டிய வண்டியை ஓட்டி வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1852 செப்டம்பரில் தாயும் இறந்தார். ஜோசப்புக்கு அப்போது பதின்மூன்று வயது. அவருடன் பிறந்த தங்கை மார்த்தா ஆன் அவரைவிட இரண்டரை வயது இளையவர்.

தாயின் மறைவுக்குப் பிந்தைய அந்தக் காலத்தைப் பற்றி ஜோசப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். பிடித்து நிறுத்த எந்த ஈர்ப்பும் இல்லாமல் வானில் திரியும் எரிகல்லைப் போலத் தாம் இருந்ததாக அதில் குறிப்பிடுகிறார். கோபம் அவருக்கு எளிதில் வரும். அதற்குச் சான்றாக ஒரு பள்ளி நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தங்கையை அடிக்க ஆசிரியர் தோல்வாரை எடுத்தார். அவளை அடிக்க வேண்டாம் என்று ஜோசப் எழுந்து தடுத்தார். ஆசிரியர் அவர் பக்கம் திரும்ப, ஜோசப் ஆசிரியரையே அடித்துவிட்டார். அத்துடன் அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது.

பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட மாணவர்களை நாம் 'அடங்காதவன்' என்ற ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறோம். அந்தப் பையனின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. தங்கைக்காக எழுந்து நின்ற அந்தப் பையனுக்கு வீட்டில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

1854 ஏப்ரலில் சபையின் பொது மாநாட்டில் மிஷனரிகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. அதில் ஜோசப்பின் பெயரும் இருந்தது. வயது பதினைந்து. செல்ல வேண்டிய இடம், அக்காலத்தில் சாண்ட்விச் தீவுகள் என்று அழைக்கப்பட்ட ஹவாய்.

அக்கால மிஷனரி முறை

மார்மன் சபையில் மிஷனரிகளுக்கு ஊதியம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் பெரும்பாலும் கையில் பணமின்றியே புறப்பட்டனர். வழியில் கூலி வேலை செய்தோ, மக்கள் தரும் உணவையும் இடத்தையும் ஏற்றோ வாழ்ந்தனர். எங்கே செல்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சபை அனுப்பும் இடத்திற்குச் செல்ல வேண்டும்.

1852இல் நூறு பேருக்கும் மேற்பட்டோர் உலகின் பல பகுதிகளுக்கு இவ்வாறு அனுப்பப்பட்டனர். அவர்களில் சிலர் இந்தியாவுக்கும் வந்தனர். சால்ட் லேக்கில் 1849இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853இல் சென்னைக்கு வந்து, ஏறக்குறைய ஓராண்டு பணியாற்றிவிட்டு 1854இல் திரும்பினார். சென்னையில் அவருக்குக் கிடைத்த பலன் மிகக் குறைவு. ஹவாயில் நிலைமை வேறாக இருந்தது.

1854இல் ஹவாய்

ஹவாய் அப்போது அமெரிக்காவின் பகுதி அன்று, தனி முடியரசு. 1820இலேயே பாஸ்டனிலிருந்து புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் அங்கு வந்து, ஹவாய் மொழிக்கு எழுத்து முறை அமைத்துப் பள்ளிகளையும் அச்சுக்கூடங்களையும் நிறுவியிருந்தனர். மக்களில் பெரும்பாலோர் தம் தாய்மொழியில் படிக்கத் தெரிந்தவர்கள்.

அதே வேளையில் அந்த மக்கள் வேகமாக அழிந்துகொண்டும் இருந்தனர். வெளியுலகத் தொடர்பால் வந்த நோய்கள் அவர்களைக் கொன்று குவித்தன. 1853இல் பரவிய பெரியம்மையில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள் தொகை ஏறக்குறைய 73,000 மட்டுமே. ஜோசப் வந்திறங்கிய மூன்று மாதங்களுக்குள், 1854 டிசம்பரில், அரசர் மூன்றாம் காமேஹாமேஹாவும் காலமானார்.

மார்மன் மிஷனரிகள் பத்துப் பேர் 1850 டிசம்பர் 12 அன்று ஹோனலூலுவில் முதன்முதலாக வந்திறங்கினர். அங்கிருந்த வெள்ளையர்கள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. அதனால் சிலர் விரைவிலேயே திரும்பிவிட்டனர். ஜார்ஜ் கியூ. கேனன் என்ற இளைஞர், ஹவாய் மக்களின் மொழியைக் கற்று அவர்களிடமே பேச வேண்டும் என்று உறுதியாக நின்றார். மாவி தீவின் வைலுக்கு ஊரில் நீதிபதியாக இருந்த ஜொனாத்தன் நாபெலா அவருக்குத் துணையானார். இருவரின் உழைப்பில் மார்மன் புத்தகம் ஹவாய் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1855இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சாயிற்று. 1854 அளவில் தீவுகளில் சபையினர் தொகை 4,000ஐத் தாண்டியிருந்தது.

பயணமும் மொழியும்

1854 மே மாத இறுதியில் ஜோசப் பிற மிஷனரிகளுடன் சால்ட் லேக்கிலிருந்து புறப்பட்டார். கலிபோர்னியாவை அடைந்தபோது கப்பல் கட்டணத்திற்குப் பணம் இல்லை. கூரை வேய்வதற்கான மரச் சில்லுகள் செய்யும் பட்டறையில் கூலி வேலை செய்து பணம் சேர்த்தார். செப்டம்பர் 27 அன்று கப்பல் ஹோனலூலுவை அடைந்தது. அவருக்குப் பதினாறு வயது நிரம்ப இன்னும் ஏறக்குறைய ஏழு வாரங்கள் இருந்தன.

மாவி தீவில், ஹலேயாகலா எரிமலையின் சரிவில் உள்ள கூலா என்னும் பகுதி அவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கு ஹவாய்க் குடும்பங்களின் நடுவே வாழ்ந்தார். ஆங்கிலம் பேச ஆள் அரிது. உணவு பெரும்பாலும் 'போய்' எனப்படும் கூழ். சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கை அவித்து, இடித்து, நீர் சேர்த்துப் பிசைந்து செய்வது. புதிதாக உண்பவர்க்கு அதன் புளிப்பு எளிதில் பழகாது.

பள்ளியைவிட்டு வந்த இந்த மாணவர், தீவில் இறங்கிய சுமார் நூறு நாட்களில் ஹவாய் மொழியில் பேசவும் கூட்டம் நடத்தவும் கற்றார். சபையினர் இதைக் கடவுள் அருளிய வரம் என்று கருதுகின்றனர். ஜோசப்பும் அவ்வாறே நம்பினார். அதனுடன் வேறொன்றையும் நாம் காணலாம். மொழி தெரியாவிட்டால் சோறு கேட்கவும் வழி கேட்கவும் முடியாத இடத்தில் அவர் இருந்தார். கற்றுத்தந்தவர்கள் அடிக்கும் ஆசிரியர்கள் அல்லர். ஒரே பாயில் அமர்ந்து ஒரே கலத்தில் உண்டவர்கள்.

பதினாறு, பதினேழு வயதிலேயே அவருக்குப் பொறுப்புகளும் வந்தன. மாவி, ஹவாய், மொலோக்காய் ஆகிய தீவுகளில் இருந்த சபைகளை மேற்பார்வையிடும் பணி அடுத்தடுத்து அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நோயும் ஒரு தாயும்

தீவுகளில் இருந்தபோது ஜோசப் கடும் காய்ச்சலில் விழுந்தார். அவரைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் மா மனுஹீ என்ற ஹவாய்ப் பெண்மணி. தாம் பெற்ற மகனுக்குச் செய்வதுபோல் அவருக்குப் பணிவிடை செய்து பிழைக்க வைத்தார்.

இந்த நிகழ்ச்சியின் பொருளை அறியச் சில பத்தாண்டுகள் தாண்டிச் செல்ல வேண்டும். சபைத் தலைவரான பின் ஜோசப் ஹவாய்க்குச் சென்றபோது ஹோனலூலுத் துறைமுகத்தில் பெருங்கூட்டம் மாலைகளுடன் வரவேற்றது. உடன் சென்ற சார்லஸ் நிப்லி என்பவர் அக்காட்சியைப் பதிவு செய்துள்ளார். ஏறக்குறைய தொண்ணூறு வயதான, கண் தெரியாத மூதாட்டி ஒருவர், கையில் சில வாழைப்பழங்களுடன் "யோசேபா, யோசேபா" என்று அழைத்தபடி வந்தார். ஜோசப் என்ற பெயரின் ஹவாய் வடிவம் அது. அவரைக் கண்டதும் தலைவர் ஓடிச் சென்று அணைத்துக்கொண்டு, அம்மா என்று அழைத்து அழுதார். தாம் ஆதரவின்றி நோயுற்றுக் கிடந்த சிறுவனாக இருந்தபோது தம்மை ஏற்றுத் தாயாக இருந்தவர் இவர் என்று நிப்லியிடம் கூறினார்.

நம்பிக்கையைக் கொடுக்க வந்தவர் அந்தச் சிறுவர். ஆனால் அவருக்கு மிகவும் தேவைப்பட்டதைக் கொடுத்தவர் அந்த ஏழைப் பெண்மணி. பதின்மூன்று வயதில் தாயை இழந்து, பிடிமானமற்ற எரிகல்லாகத் தம்மை உணர்ந்த சிறுவருக்குக் கடலுக்கு அப்பால் ஒரு வீடு கிடைத்தது. பிரசங்கம் எதுவும் இதைச் செய்திருக்க முடியாது.

தீவிபத்தும் கனவும்

1856இல் லனாய் தீவில் ஏற்பட்ட தீ ஒன்றில் ஜோசப்பின் பெட்டி எரிந்தது. உடைகள், புத்தகங்கள், முதற்கால நாட்குறிப்புகள் எல்லாம் போயின. அதன்பின் சில நாட்கள் அவருக்கும் உடன் பணியாற்றியவருக்கும் சேர்த்து ஒரே ஒரு உடைதான் இருந்ததாகவும், ஒருவர் அதை அணிந்து கூட்டத்திற்குச் செல்ல மற்றவர் படுக்கையிலேயே இருந்ததாகவும் சொல்வர்.

இந்த வறுமைக் காலத்தில் தாம் கண்ட கனவு ஒன்றை ஜோசப் 1918இல், தம் இறுதி ஆண்டில் விவரித்தார். கனவில் அவர் ஏதோ ஒரு பயணத்தில் அவசரமாகச் செல்கிறார். கையில் ஒரு சிறு மூட்டை. பெரிய மாளிகை ஒன்றின் அருகே குளிக்கும் இடம் இருக்கிறது. குளித்து, மூட்டையைப் பிரித்தால் உள்ளே தூய வெள்ளாடை. அதை அணிந்து கதவைத் தட்டுகிறார். இறந்துபோன சித்தப்பா ஜோசப் ஸ்மித் கதவைத் திறந்து, தாமதமாக வந்திருக்கிறாய் என்கிறார். ஆம், ஆனால் தூய்மையாக வந்திருக்கிறேன் என்று இவர் விடையளிக்கிறார். உள்ளே தந்தையும் தாயும் இருக்கிறார்கள். விழித்தெழுந்தபோது தாம் சிறுவராக இல்லை, மனிதராகிவிட்டதாக உணர்ந்தார் என்றும், அதன்பின் எதற்கும் அஞ்சவில்லை என்றும் அவர் கூறினார்.

நாட்குறிப்பும் நினைவும்

வரலாற்று மாணவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனவு பற்றிய விவரம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் சொல்லப்பட்டது. நினைவு காலப்போக்கில் தன்னைத் திருத்திக்கொள்ளும். இடையில் நேர்ந்த துயரங்களும் வெற்றிகளும் அதில் கலக்கும். எனவே அவ்வப்போது எழுதப்பட்ட சான்றுகளையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

அத்தகைய சான்றுகள் இரண்டு உள்ளன. ஒன்று, 1856, 1857 ஆண்டுகளுக்கு எஞ்சியுள்ள அவருடைய நாட்குறிப்புகள். அவற்றில் காணப்படுபவர் அமைதியான ஞானி அல்லர். உணவைப் பற்றியும், பூச்சிகளைப் பற்றியும், வறுமையைப் பற்றியும் குறைப்படும் இளைஞர். சபையில் சேர்ந்தவர்கள் விலகிப் போவதைக் கண்டு சலிப்படைகிறார். ஹவாய் மக்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகள் இன்று படிப்பவர்க்கு உறுத்தும். ஆனால் அதே பக்கங்களில் அவர் ஓயாமல் புத்தகங்கள் படிப்பதும், ஊர் ஊராக நடப்பதும், மறுநாளும் கூட்டம் நடத்துவதும் பதிவாகியுள்ளன.

மற்றொன்று, கடிதங்கள். தங்கை மார்த்தா ஆனுக்கும் அவருக்கும் இடையே வாழ்நாள் முழுவதும் நடந்த கடிதப் போக்குவரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன. அவை ஹவாய்க் காலத்தில் தொடங்குகின்றன. எந்தத் தங்கைக்காக ஆசிரியரை எதிர்த்து நின்றாரோ, அதே தங்கைக்கு நல்வழி கூறும் அண்ணனாக அவர் மாறுவதை அவற்றில் காணலாம். கற்பிக்கத் தொடங்கும்போதுதான் நாம் உண்மையில் கற்கத் தொடங்குகிறோம் என்பது ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த செய்தி.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. அவருடைய நம்பிக்கை ஒரே இரவில் வந்ததன்று. சலிப்பு இருந்தபோதும் விட்டுவிடாமல் செய்த அன்றாடப் பணியில் அது மெல்ல ஊறியது. கனவு அதற்கு ஒரு வடிவம் தந்தது.

திரும்பும் வழியில்

1857இல் அமெரிக்க அரசு யூட்டாவுக்குப் படை அனுப்பியது. வெளியிடங்களில் இருந்த மிஷனரிகள் பலர் திருப்பி அழைக்கப்பட்டனர். ஜோசப்பும் அக்டோபரில் ஹவாயைவிட்டுப் புறப்பட்டார்.

அப்போது கலிபோர்னியாவில் மார்மன்கள் மீது கடும் சினம் நிலவியது. அதற்குக் காரணமும் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் யூட்டாவின் தென்பகுதியில் மவுண்டன் மெடோஸ் என்னும் இடத்தில், கலிபோர்னியா நோக்கிச் சென்ற சுமார் 120 பயணிகளை மார்மன் குடிப்படையினர் கொன்றிருந்தனர். சபையின் வரலாற்றில் மிகக் கொடிய கறை அது.

இந்தச் சூழலில் வழியில் முகாமிட்டிருந்தபோது, குதிரையில் வந்த முரடர்கள் மார்மன்கள் யாரும் இருக்கிறார்களா என்று மிரட்டினர். மற்றவர்கள் புதருக்குள் மறைந்தனர். ஒருவன் துப்பாக்கியுடன் ஜோசப்பை நெருங்கி, நீ மார்மனா என்று கேட்டான். முழுக்க முழுக்க மார்மன்தான் என்று பத்தொன்பது வயது ஜோசப் தயங்காமல் விடை சொன்னார். அந்த உறுதியைக் கண்ட முரடன் கைகுலுக்கிவிட்டுப் போனதாக அவர் பின்னர் கூறினார். 1858 பிப்ரவரியில் அவர் சால்ட் லேக்கை அடைந்தார்.

கைகளால் விடை சொல்லிப் பள்ளியைவிட்டுப் போன சிறுவர், இம்முறை சொல்லால் விடை சொன்னார். முன்கோபம் அவரைவிட்டு அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதைத் தாங்கி நிற்க ஓர் அச்சு கிடைத்துவிட்டது என்று சொல்லலாம்.

பிற்காலத் தொடர்பு

ஹவாயுடனான உறவு அத்துடன் முடியவில்லை. 1864இல் அவர் மீண்டும் அங்கு சென்றபோது, லஹைனா துறைமுகத்தில் கடல் கொந்தளிப்பதைக் கண்டு சிறு படகில் ஏற மறுத்து, மற்றவர்களையும் எச்சரித்தார். படகு கவிழ்ந்தது, உடன் வந்த லொரென்சோ ஸ்னோ உயிர் போனவர் போல மீட்கப்பட்டுப் பின் பிழைத்தார். 1865இல் ஓவாஹு தீவின் லாயியே பகுதியில் சபை சுமார் 6,000 ஏக்கர் நிலம் வாங்கியது. சபையினரிடையே அப்போது இருந்த பலதார மண வழக்கத்திற்கு எதிராக 1880களில் அமெரிக்க அரசு வழக்குகள் தொடர்ந்தபோது, பல மனைவியரை மணந்திருந்த ஜோசப் கைதாகாமல் தப்பி 1885 முதல் 1887 வரை லாயியேயில் தங்கியிருந்தார்.

1915 ஜூன் 1 அன்று, தலைவராக அதே லாயியேயில் ஓர் ஆலயத்திற்கான இடத்தை அர்ப்பணித்தார். அமெரிக்கப் பெருநிலத்துக்கு வெளியே அச்சபை கட்டிய முதல் ஆலயம் அது. அவர் 1918 நவம்பர் 19 அன்று காலமானார். ஆலயம் அடுத்த ஆண்டு நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது.

இன்றும் உலகெங்கும் பல்லாயிரம் மார்மன் இளைஞர்கள் மிஷனரிகளாகச் செல்கின்றனர். 2012இல் ஆண்கள் பதினெட்டு வயதிலும் பெண்கள் பத்தொன்பது வயதிலும் புறப்படலாம் என்று விதி மாற்றப்பட்டது. ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். இப்பணியை மதமாற்றம் என்ற ஒரு கோணத்தில் மட்டுமே நாம் பார்ப்பதுண்டு. அது குறித்த கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் ஹவாயில் நடந்தவற்றை ஆராய்ந்தால், மிகுதியாக மாறியவர் சென்றவர்தான் என்று தெரிகிறது. அவரை மாற்றியவர்களில் நாம் பெயர் அறிந்தவர் மா மனுஹீ. மற்றவர்கள், பாயில் இடம் விட்டுக் கூழில் பங்கு கொடுத்த, பெயர் பதிவாகாத மனிதர்கள்.